இரண்டாவது வண்டியின் எடை

காட்டுப் பாதைகளுக்கும் வார இறுதிப் பயணங்களுக்கும் இலகுவான இரண்டாவது மோட்டார் சைக்கிள் ஒன்றை வைத்திருக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவியமைக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு வித்திட்டது தொழிற்சாலை அன்று, விற்பனைக் கடை.

1950களில் அங்கே கரடுமுரடான நிலங்களில் ஓடியவற்றுள் 500, 650 சிசி பிரித்தானிய வண்டிகள் முதன்மை பெற்றிருந்தன. அவற்றின் எடை 150 கிலோவைத் தாண்டும். மணலில் சரிந்தால் தனியொருவர் தூக்கி நிறுத்துவது பெரும்பாடு.

1958இல் ஜப்பானில் ஹொண்டா நிறுவனம் சுப்பர் கப் என்னும் 49 சிசி வண்டியை வெளியிட்டது. எடை ஏறத்தாழ 55 கிலோ. மறுவருடம் லொஸ் ஏஞ்சல்ஸில் கால்பதித்த அந்நிறுவனம் பெரிய வண்டிகளிலேயே அதிக நம்பிக்கை வைத்திருந்தது. ஆனால் ஐடஹோ மாநிலத்தின் பொய்சி நகர விற்பனையாளர் ஒருவர், இச்சிறு வண்டியின் பின்சக்கரத்தில் பெரிய பற்சில்லொன்றைப் பொருத்தினார். வேகம் குறைந்தது, இழுவை கூடியது, வண்டி மலையேறியது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் செல்வோர் அதனை விரும்பி வாங்கினர். 1961இல் ஹொண்டாவே அவ்வகை வண்டியைத் தயாரித்து விற்கலாயிற்று.

1968இல் வந்த யமஹாவின் 250 சிசி டிடி-1, வீதியிலும் காட்டிலும் ஒருங்கே ஓடி, அத்தேவையை ஒரு தனிச் சந்தையாகவே வளர்த்தது.

இரண்டாவது வண்டி தேடுவோர் பலர் இன்றும் குதிரைவலுவையே முதலில் பார்க்கின்றனர். ஆளரவமற்ற பாதையில் விழுந்த வண்டியைத் தனியே தூக்க முடியுமா என்பதே முதற் கேள்வியாதல் வேண்டும். பொய்சி நகரம் உணர்த்திய பாடம் அதுவே.