அடிமனை யாருடையது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர் பிளாக் மாமி ஒரு பழைய பிளாஸ்டிக் ஃபைலோடு வீட்டுக்கு வந்தார். வங்கியில் வேலை பார்ப்பவன் என்றால் பத்திரம் பார்க்கத் தெரிந்திருக்கும் என்பது தில்லித் தமிழர்களிடையே பரவலான ஒரு நம்பிக்கை. (அடியேன் படித்தது பி.காம்.தான், சட்டமல்ல.)

மாமா மத்திய அரசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1986-ல், சேமிப்பையெல்லாம் துடைத்துப் போட்டு, மயூர் விஹாரில் ஒரு டி.டி.ஏ. ஃபிளாட்டை வாங்கினார். மூன்று வருடம் முன்பு காலமாகிவிட்டார். இப்போது புனேயில் இருக்கும் பையனுக்குப் பணம் வேண்டும், வீட்டின் மேல் கடன் கிடைக்குமா என்று கேட்கத்தான் மாமி வந்திருந்தார்.

ஃபைலைப் பிரித்தேன். கிரயப் பத்திரத்தைக் காணோம். இருந்தவை நான்கு காகிதங்கள்: ஒரு பவர் பத்திரம், ஒரு விற்பனை ஒப்பந்தம், பணம் பெற்ற ரசீது, அப்புறம் ஒரு உயில்.

"முன்னே பின்னே தெரியாத பஞ்சாபிக்காரர் எங்காத்துக்காரர் பேருக்கு ஏன்ப்பா உயில் எழுதணும்?" என்றார் மாமி.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் சொல்ல நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

நம் ஊரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் வளர்ந்தவர்களுக்கு 'அடிமனை' என்ற சொல் தெரிந்திருக்கும். வீடு நம்முடையது, அது நிற்கிற மண் கோயிலுடையது. வருடா வருடம் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்ட வேண்டும். தில்லியில் நடந்ததும் கிட்டத்தட்ட இதேதான். ஒரே வித்தியாசம், இங்கே சாமி இருக்கும் இடத்தில் சர்க்கார்.

1911 டிசம்பர் 12 அன்று, தில்லி தர்பாரில் ஐந்தாம் ஜார்ஜ், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று அறிவித்தார். ரைசினா முதலான கிராமங்களின் நிலத்தை 1894-ம் வருடத்து நில எடுப்புச் சட்டத்தின்படி அரசு எடுத்துக்கொண்டது. புதுதில்லியில் மனை வேண்டும் என்று வந்தவர்களுக்கு அரசு மண்ணை விற்கவில்லை, குத்தகைக்குத்தான் கொடுத்தது. 1937-ல் வந்த தில்லி இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்டும் அதே வழியில் போனது. 1947-க்குப் பிறகு அகதிகளுக்காக எழுந்த லாஜ்பத் நகர் போன்ற குடியிருப்புகளிலும் பெரும்பாலும் குத்தகைதான்.

1957-ல் டி.டி.ஏ. பிறந்தது. 1959 நவம்பரில் ஒரே அறிவிப்பில் 34,070 ஏக்கர் நிலத்தை எடுக்கப்போவதாக அரசு சொன்னது. 1961 மே மாதம் கொள்கையும் வந்தது: நகரம் வளர வேண்டிய நிலத்தை அரசே வாங்கும், அரசே மேம்படுத்தும், அரசே குத்தகைக்குக் கொடுக்கும்.

இதற்குப் பின்னால் ஒரு நல்ல எண்ணம் இருந்தது, அதை மறுக்க முடியாது. ரோடும் தண்ணீரும் பஸ்ஸும் அரசு கொண்டுவருவதால்தான் மண்ணின் விலை ஏறுகிறது, அந்த லாபம் ஏன் இடைத்தரகருக்குப் போக வேண்டும் என்பதே கேள்வி. ஆகவே குத்தகைதாரர் மனையை விற்க அனுமதி வாங்க வேண்டும். விற்கும்போது மண்ணின் விலை ஏறியதில் பாதியை, அதாவது 50 சதவீதத்தை, அரசுக்குக் கட்ட வேண்டும். உழைக்காமல் வந்த உயர்வு என்று அதற்குப் பெயர். அடமானம் வைப்பதற்குக்கூட முன் அனுமதி வேண்டும். முதல் ஐந்து வருடம் தரை வாடகை வருடத்துக்கு 1 ரூபாய், அப்புறம் மனைக்குக் கட்டிய தொகையில் 2.5 சதவீதம்.

காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு.

டி.டி.ஏ. 1967 வாக்கில் ஃபிளாட் கட்ட ஆரம்பித்தது. 1979-ல் அறிவித்த பதிவுத் திட்டத்தில் 1.7 லட்சம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வீட்டுக்காகப் பத்து, இருபது வருடம் காத்திருந்தார்கள். வீடு கையில் கிடைத்தபோது ஒருவருக்கு மாற்றலாகியிருக்கும், இன்னொருவருக்குப் பணமுடை. வெளியே வாங்க ஆள் தயார், ஆனால் அனுமதி கேட்டால் பாதி லாபம் போய்விடும்.

அங்கேதான் அந்த நான்கு காகிதங்கள் முளைத்தன. விற்பவர் 'விற்கிறேன்' என்று எங்கும் எழுத மாட்டார். 'பின்னால் விற்பேன்' என்று ஓர் ஒப்பந்தம் போடுவார். பணம் வாங்கிக்கொண்டதற்கு ரசீது கொடுப்பார். வீட்டைப் பார்த்துக்கொள்ளப் பவர் கொடுப்பார். பவர் கொடுத்தவர் இறந்தால் அந்தப் பவரும் பொதுவாகச் செத்துப்போகும் (ஒப்பந்தச் சட்டம் 201-ம் பிரிவு, 202-ல் விதிவிலக்கு உண்டு). அந்த ஓட்டையை அடைக்கத்தான் உயில். 'என் காலத்துக்குப் பிறகு இந்த ஃபிளாட் இன்னாருக்கே சேரட்டும்.' மாமியின் பஞ்சாபிக்காரர் பாசத்தில் எழுதவில்லை, பாதுகாப்புக்காக எழுதிக்கொடுத்தார்!

ஆக, குத்தகை முறையால் வீடு கைமாறுவதை நிறுத்த முடியவில்லை. கைமாறியதற்கு ஒழுங்கான பத்திரம் இல்லாமல் போனதுதான் மிச்சம். அரசுக்கு 50 சதவீதமும் வரவில்லை, முத்திரைத் தீர்வையும் வரவில்லை. வாங்கியவருக்கு உரிமையும் வரவில்லை.

1992 பிப்ரவரியில் அரசு இறங்கி வந்தது. ஒரு கட்டணம் கட்டினால் லீஸ்ஹோல்டு ஃபிளாட்டை ஃப்ரீஹோல்டாக மாற்றிக்கொள்ளலாம். பவரில் வாங்கியவர்களும் மனுப் போடலாம், அவர்கள் கட்டணத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான். பலர் மாற்றிக்கொண்டார்கள். இன்னும் பலர், நம் மாமாவைப் போல, "யார் நம்மைக் கிளப்பப் போகிறார்கள்?" என்று விட்டுவிட்டார்கள்.

2011 அக்டோபர் 11 அன்று சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் பட்டென்று சொல்லிவிட்டது: பவர், ஒப்பந்தம், உயில் இவற்றால் சொத்துரிமை மாறாது, பதிவு செய்த கிரயப் பத்திரத்தால்தான் மாறும். ஆனால் ஒரு கதவைத் திறந்தும் வைத்தது. அந்தத் தேதிக்கு முன் நடந்தவற்றை வைத்து, டி.டி.ஏ. போன்ற அமைப்புகளிடம் முறைப்படுத்தக் கேட்கலாம் என்றது.

மாமியிடம் சொன்னேன்: "இப்போதைக்கு எந்த வங்கியும் இதன் மேல் கடன் தராது மாமி. ஆனா வழி அடைபடலை. மாமா வாங்கினது 1986. அந்த நாலு காகிதமும் ஒரிஜினலா இருக்கு. முதல்ல ஃப்ரீஹோல்டு மனு, அப்புறம்தான் கடன்."

"முழுப் பணமும் குடுத்துத்தானேப்பா வாங்கினோம்?" என்று இன்னொரு தடவை கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

இது தில்லியோடு முடிகிற கதையும் அல்ல. மயூர் விஹாரிலிருந்து சற்று தூரம் போனால் நொய்டா. 1976-ல் உருவான ஊர், அங்கே 90 ஆண்டுக் குத்தகை. முதல் குத்தகைகள் முடியும் காலம் 2066-ஐ ஒட்டி வரும். நவி மும்பையில் சிட்கோ 1970-களில் கொடுக்க ஆரம்பித்தது 60 ஆண்டுக் குத்தகை. சொத்து மாற்றுச் சட்டம் 111-ம் பிரிவின்படி, காலம் முடிந்தால் குத்தகை முடிந்தது. நீட்டிப்பு உண்டா, என்ன கட்டணம் என்பதெல்லாம் பத்திரத்திலும் அரசு ஆணையிலும் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். கடன் கொடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது குத்தகையில் மிச்சம் எத்தனை வருடம் என்பதைத்தான். மிச்சம் குறையக் குறைய வாங்குபவரும் குறைவார், கடன் கொடுப்பவரும் குறைவார்.

சென்னையில் ஃபிளாட் வாங்கினால் யு.டி.எஸ். எத்தனை சதுர அடி என்று துருவித் துருவிக் கேட்கிற நாம், வடக்கே வந்ததும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோம். அடுத்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கி உங்கள் ஃபைலைத் திறந்து பாருங்கள். லீஸ்ஹோல்டா, ஃப்ரீஹோல்டா? லீஸ் என்றால் எந்த வருடம் முடிகிறது? பெயர் யாருடையது? வாங்கிய மனிதர் உயிரோடு இருக்கும்போதே, கையெழுத்துப் போடும் தெம்போடு இருக்கும்போதே, இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

மாமி திங்கட்கிழமை விண்ணப்பம் வாங்கப் போகிறார். நான் அரை நாள் லீவ் போட்டிருக்கிறேன்.