வான்வழி வந்த தமிழ்

சன் தொலைக்காட்சி 1993 ஏப்ரல் 14-இல் தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் ஜெயங்கொண்டம் போன்ற சிறுநகரங்களுக்குச் செயற்கைக்கோள் தொலைக்காட்சி வந்தது. ஆனால் நம்மைப் பொறுத்தவரை அது கேபிள்காரர் கம்பத்திலிருந்து இழுத்துத் தந்த ஒரு கம்பி மட்டுமே. டிஷ் அவருடைய மாடியில் இருந்தது. அதை நாம் ஏறிட்டும் பார்த்ததில்லை. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று கட்டணம் வைத்தபின், அது வீட்டுச் சிறு செலவுகளில் ஒன்றாகிப் போயிற்று. பாரிஸிலோ லண்டனிலோ வாழ்ந்த தமிழ்க் குடும்பத்துக்கு நிலைமை வேறு. அங்கே டிஷ்ஷைத் தாமே வாங்கிச் சுவரில் பொருத்தி, முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்திலுள்ள ஒரு புள்ளியை நோக்கித் திருப்பிவைத்தால்தான் வீட்டுக்குள் தமிழ் ஒலிக்கும்.

செயற்கைக்கோள் என்று நாம் எழுதுவதை ஈழத்தவர் செய்மதி என்பர். நமது சொல்லைவிட அது அழகானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் பெயர்ந்த ஈழத்தமிழர், தமக்கென ஒளிபரப்பை அமைத்துக்கொள்ளப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அவர்களுக்கு முன்னோடிகள் இருந்தனர். ஜெர்மனியில் வாழும் துருக்கியருக்காகத் துருக்கி அரசே 1990-இல் ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. அரசு இல்லாத குர்தியர் 1995-இல் லண்டனிலிருந்து மெட் டி.வி.யை நடத்தினர்; 1999-இல் பிரிட்டன் அதன் உரிமத்தைப் பறித்தது. ஈழத்தமிழரின் நிலை இந்த இரண்டாவது வகைக்கே நெருக்கமானது. பாரிஸிலிருந்து டி.டி.என்., லண்டனிலிருந்து தீபம் என்று அலைவரிசைகள் வந்தன. விடுதலைப் புலிகளின் தமிழீழத் தேசியத் தொலைக்காட்சியும் 2005 முதல் ஐரோப்பாவில் தெரிந்தது. இலங்கை அரசின் முறையீட்டுக்குப் பின் 2007 ஏப்ரலில் இன்டெல்சாட் நிறுவனம் அதைத் தன் செய்மதியிலிருந்து நிறுத்தியது. அதே ஆண்டில் டி.டி.என்.னும் நின்றது. பிறருடைய செய்மதியில் வாடகைக்குக் குடியிருக்கும் மொழிக்கு இது புதிய அனுபவமல்ல.

ஆனால் இந்த அலைவரிசைகளின் கதையை அரசியலோடு முடித்துவிடக் கூடாது. அவற்றை இயக்கியது எது என்று பார்க்க வேண்டும். விளம்பர நேரத்தைக் கூர்ந்து நோக்கியவர்களுக்குத் தெரியும்: நகைக்கடை, புடைவைக்கடை, மளிகைக்கடை, இவற்றோடு மலிவுக் கட்டணத் தொலைபேசி அட்டைகள். யாழ்ப்பாணத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு, சென்னைக்கு இவ்வளவு என்று அட்டைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டன. ஊருக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள தூரமே அங்கு விற்பனைப் பொருள். நிகழ்ச்சிகளிலும் அந்தத் தூரமே உட்கார்ந்திருந்தது. மரண அறிவித்தல்களை எண்ணிப்பாருங்கள். ஊரில் பிறந்து, வேறொரு நாட்டில் வாழ்ந்து மறைந்தவரின் படம். பிள்ளைகளின் பெயர்களுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, சுவிஸ், நோர்வே என்று நாடுகள். ஒரு குடும்பம் சிதறிய வரைபடத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன வேறொரு இலக்கிய வடிவம் நம்மிடம் உண்டா என்று ஐயமாக இருக்கிறது.

இணையம் இந்த அலைவரிசைகளின் பார்வையாளரை மட்டும் கவர்ந்து சென்றதாகப் பலர் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை. வாட்ஸ்அப்பில் 2015 முதல் பேசவும் முடிந்தபோது தொலைபேசி அட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று; அட்டை போனபின் விளம்பரமும் போயிற்று. மரண அறிவித்தல்கள் இணையத்தளங்களுக்கு இடம்பெயர்ந்தன. 2017-இல் சன் நெக்ஸ்ட் வந்தது. சென்னைத் தொடர்களைப் பார்க்க டிஷ் தேவையில்லை என்றாயிற்று. வருவாய், சேவை, கேளிக்கை என்னும் மூன்று கால்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் ஆட்டங்கண்டன. லண்டனில் 1997-இல் வானொலியாகத் தொடங்கிய ஐ.பி.சி. தமிழ், 2015-இல் தொலைக்காட்சியானது. இன்று அதைப் பலர் காண்பது யூடியூபில்தான்.

மலேசியாவின் நிலை சற்று வேறுபட்டது. 1996-இல் மீசாட் செய்மதியோடு தொடங்கிய ஆஸ்ட்ரோவில் வானவில் அலைவரிசை இடம்பெற்றது. பின்னாளில் விண்மீன் உள்ளூர்த் தமிழ்த் தொடர்களுக்கு இடம் தந்தது. பன்மொழிச் சந்தா ஒன்றின் நிழலில் தமிழ் தங்க முடிந்தது. ஆஸ்ட்ரோவே சந்தாதாரர்களை இழந்துவரும் இந்நாளில் அந்த நிழல் சுருங்குகிறது. மலேசியத் தமிழ்ப் பேச்சில் ஒரு நாடகம் எடுக்க வேண்டுமென்று சென்னை நிறுவனம் எதற்கும் தோன்றப்போவதில்லை. அதைக் கோலாலம்பூர்தான் செய்தாக வேண்டும்.

இலக்கிய வாசகர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஈழத்துச் சிற்றிதழ்களையும் நூல்களையும் 2005 முதல் நூலகம் திட்டம் மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஒரு கையெழுத்து ஏட்டுக்குக்கூட அங்கே இடம் கிடைக்கிறது. ஒளிபரப்புக்கு அத்தகைய பொதுச் சேகரம் எழவில்லை. யூடியூபுக்கு முந்திய ஆண்டுகளில் பாரிஸிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத் தமிழில் வாசிக்கப்பட்ட செய்திகள், தொலைபேசியில் இணைந்து ஊர்ப்பெயர் சொல்லிப் பாட்டுக் கேட்டவர்களின் குரல்கள், அந்த அறிவித்தல்கள் யாவும் காந்த நாடாக்களில் பதிந்தவை. காந்த நாடாவின் ஆயுள் சில பத்தாண்டுகளே.