பெண் கத்னா: தாதியர் அறிய வேண்டிய வரலாறு

கிண்டியிலுள்ள கிங் இன்ஸ்டிடியூட்டைச் சென்னைவாசிகள் நன்கறிவர். 1899ஆம் ஆண்டில் அது தொடங்கப்பெற்றபோது பெரியம்மைத் தடுப்புக்கான அம்மைப்பால் தயாரிப்பது அதன் தலையாய பணியாயிருந்தது. ஆயினும் கிண்டியில் உருவான மருந்து குழந்தைகளைக் காத்ததற்கு, அதனை ஊர் ஊராகச் சுமந்து சென்ற அம்மை குத்துவோரின் உழைப்பும் காரணமாகும். மருந்துக்குப் பொருந்தும் இவ்வுண்மை அறிவுக்கும் பொருந்தும். ஏட்டில் எத்துணை அறிவு நிறைந்திருந்தாலும், வீட்டு வாசலை மிதிக்கும் பணியாளரிடம் அது சென்று சேராவிடில் பயன் என்ன?

பெண் குழந்தைகளுக்குச் செய்யப்படும் கத்னாவின் வரலாறு இக்கேள்வியையே எழுப்புகிறது. பேசுவதற்குக் கூச்சமான பொருள்தான். ஆனால், மார்க்க அறிவைத் தேடுவதற்கு நாணத்தைத் தடையாக்கிக் கொள்ளாத அன்சாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்துரைத்ததை நாம் மறக்கலாகாது.

இவ்வழக்கம் இஸ்லாத்திற்கு முற்பட்டது. கி.மு. 163ஆம் ஆண்டைச் சேர்ந்த கிரேக்க ஏடொன்று எகிப்தின் மெம்ஃபிஸ் நகரில் ஒரு பெண்ணுக்கு நடக்கவிருந்த கத்னாவைக் குறிப்பிடுகிறது. எகிப்தில் கிறிஸ்தவக் குடும்பங்களிடையேயும் இது நிலவி வந்துள்ளது. நம் ஃபிக்ஹு நூல்களில் இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பிரபலமான கூற்று இதனை வாஜிப் என்கிறது. ஹனஃபீ அறிஞர்களோ கண்ணியத்தின்பாற்பட்ட செயல் என்றனரேயன்றிக் கட்டாயமாக்கவில்லை. இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் உம்மு அதிய்யா (ரலி) அவர்களின் அறிவிப்பைத் தம் சுனனில் பதிவு செய்த இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே, அது பலவீனமானது என அங்கேயே எழுதி வைத்தார்கள். இப்பொருளில் நம்பத்தக்க செய்தி எதுவுமில்லை என்பது இமாம் இப்னுல் முன்திர் (ரஹ்) அவர்களின் கருத்தாகும்.

மதரஸாவில் யான் இப்பாடத்தை ஓதிய காலத்தில் சொற்களின் இலக்கணம் கற்றோம். சட்டத்தின் தரம் கற்றோம். அக்குழந்தையின் உடலில் என்ன நிகழ்கிறது என்று எவரும் கேட்கவில்லை, யானும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்துக் குறை இது.

மருத்துவத்தின் பக்கத்துக் குறையையும் காண்போம். ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த சூடானில், 1921ஆம் ஆண்டு உம்துர்மானில் தாதியர் பயிற்சிப்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அங்கே பயின்றவர்களுக்குத் தூய கருவிகளும் கைச்சுத்தமும் கற்பிக்கப்பட்டன. வழக்கத்தை ஒழிப்பதற்குப் பதிலாக, சற்றுத் தணிந்த முறையில் அதைச் செய்யவும் இடம் தரப்பட்டது. தீமை குறையும் என்பது எண்ணம். விளைந்ததோ வேறு: வெட்டும் கைக்கு மருத்துவத்தின் மதிப்புக் கிடைத்தது. 1979இல் அதே சூடானின் தலைநகர் கார்ட்டூமில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தரங்கு, தூய்மையாகச் செய்தாலும் ஏற்பதற்கில்லை என்று அறுதியிட்டது.

எகிப்தும் இதே பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 2007ஆம் ஆண்டு ஒரு சிறுமி மருத்துவரிடம் கத்னா செய்யப்பட்டபோது உயிரிழந்தாள். அவ்வாண்டே அந்நாட்டின் ஃபத்வாத் துறை இவ்வழக்கம் தடுக்கப்பட்டது என அறிவித்தது. 2008இல் சட்டமும் வந்தது. ஆனால் அதன்பின் எடுக்கப்பட்ட கணக்குகளிலும், சிறுமியர்க்குச் செய்யப்பட்டவற்றில் முக்கால் பங்குக்கும் மேல் மருத்துவத் துறையினர் கையாலேயே நடந்திருந்தது. மயக்க மருந்து வலியை மறைத்ததோடு பெற்றோரின் ஐயத்தையும் மறைத்துவிட்டது.

இது தொலைதூரத்துக் கதை மட்டுமன்று. நம்மோடு மொழியால் ஒன்றுபட்ட இலங்கை முஸ்லிம்களிடையே, பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளுக்குள் ஒஸ்தா மாமி வீட்டுக்கு வந்து இதைச் செய்யும் வழக்கம் உண்டு. 2018ஆம் ஆண்டு இலங்கைச் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையினர் இதில் ஈடுபடலாகாது எனச் சுற்றறிக்கை விடுத்தது. இந்தியாவில் தாவூதி போராச் சமூகத்தில் ஏறத்தாழ ஏழு வயதில் இது நடைபெறுவதை அச்சமூகப் பெண்களே வெளிக்கொணர்ந்தனர். உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, இதுபற்றி அதிகாரபூர்வக் கணக்கு இல்லை என அரசு அந்நீதிமன்றத்திலேயே கூறியிருந்தது. கேட்க அறியாதவர் எங்ஙனம் கணக்கெடுப்பர்?

நாற்பது நாள் என்பதைச் சற்றே சிந்தியுங்கள். இந்தியாவில் 2011இல் வகுக்கப்பட்ட பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டப்படி, சுகாதாரப் பணியாளர் 42ஆம் நாள் வரை வீடு தேடி வர வேண்டும். எடை பார்க்கிறார், தொப்புளைப் பார்க்கிறார், பாலருந்துகிறதா என வினவுகிறார். பெண் கத்னா என்றொன்று உண்டு என்பதே அவருக்குத் தெரியாவிடில், குழந்தை சிறுநீர் கழிக்கும்போது வீறிட்டழுவதன் காரணத்தை எவ்வாறு உணர்வார்? இரத்தப் பெருக்கும் சீழும் கண்டால் எதை ஐயுறுவார்? மருத்துவப் பயன் எதுவுமில்லாத இச்செயலை, தாய் வெட்கத்தோடு விசாரிக்கையில் என்ன மறுமொழி சொல்வார்? அறியாதவர் ஒன்று மௌனமாகிறார். அன்றேல் சமூகத்தையே இழித்துப் பேசிக் கதவை அடைத்துவிடுகிறார். இரண்டாலும் குழந்தைக்கு நன்மையில்லை.

கிண்டியிலேதான் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகமும் உள்ளது. மாநிலமெங்கும் எண்ணற்ற மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் அது பட்டம் வழங்குகிறது. அங்கு பயிலும் நம் பெண் மக்கள் இவ்வரலாற்றை அறிந்து வெளிவர வேண்டும். அவர்கள் ஐயம் கேட்டு வரும்போது, அபூதாவூத் இமாம் மறைக்காது எழுதியதை ஆலிம்களாகிய நாங்களும் மறைக்காது சொல்ல வேண்டும். தீங்கு அகற்றப்பட வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்றன்றோ? பேசத் தெரியாத பச்சிளங்குழந்தைக்காகப் பேசும் கடமை, தாதிக்கும் உண்டு, ஆலிமுக்கும் உண்டு.