தாம்பரத்து ஆசிரியர்களும் ஓர் இருக்கையும்

தாம்பரம் என்றால் ரயில் நிலையமும், சானடோரியமும், கிறிஸ்தவக் கல்லூரியும் நினைவுக்கு வருகின்றன. அங்கே சுற்றுச்சுவருக்குள் இயங்கும் விமானப்படைப் பள்ளி ஒன்றை அவ்வூர்க்காரர்களே அதன் இரைச்சலால் மட்டும்தான் அறிவர். விமானம் ஓட்டக் கற்பிப்பவர்களுக்குக் கற்பிக்கும் பள்ளி அது. 1948இல் அம்பாலாவில் தொடங்கி, 1954இல் தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. விமானப்படையின் பயிற்சி விமானங்களில் ஆசிரியராக அமர்பவர் இப்பள்ளியில் தேறியவராகவே இருப்பார்.

ஆசிரியத் தொழிலில் இதைப்போல் ஆபத்தானது வேறில்லை. மாணவன் செய்யும் பிழைக்கு ஆசிரியரும் உடன் விலை கொடுக்கிறார். பெங்களூர் எச்.ஏ.எல். நிறுவனம் உருவாக்கிய எச்.பி.டி.-32 என்னும் சிறு பயிற்சி விமானத்தில் இருவரும் அருகருகே அமர்ந்தனர். 1980களிலிருந்து தொடக்கப் பயிற்சி அதில்தான் நடந்தது. அதன் ஒற்றை இயந்திரம் நடுவானில் நின்றுபோனால், தரையில் இறங்க இடம் தேடுவதற்குச் சில நொடிகளே மிஞ்சும். கைப்பிடியை இழுத்ததும் விமானியை வெளியே வீசிப் பாராசூட்டை விரிக்கும் இருக்கை அதில் இல்லை. பதினேழு விபத்துகளில் பத்தொன்பது விமானிகள் மாண்டனர். 2009 ஜூலை 31 அன்று மேடக் மாவட்டத்தில் இரு விமானிகள் பலியான பிறகே அவ்விமானம் பறப்பது நிறுத்தப்பட்டது.

அடுத்து வந்த இடைவெளியில், புதியவர்கள் நேராகக் கிரண் ஜெட் விமானத்தில் கற்க நேர்ந்தது. 2012இல் சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.-7 விமானங்கள் 75 வாங்க ஒப்பந்தமாயிற்று. 2013இல் அவை வரத் தொடங்கின. அவற்றில் வெளியேற்றும் இருக்கை இருந்தது.

2025 நவம்பர் 14 அன்று பிற்பகல், தாம்பரத்திலிருந்து வழக்கமான பயிற்சிக்குப் புறப்பட்ட பி.சி.-7 ஒன்று திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி இருக்கையோடு வெளியேறி உயிர் தப்பினார். மறுநாள் அது ஒரு சிறு செய்தி. பழைய விமானமாக இருந்திருந்தால் அது இரங்கல் செய்தியாகியிருக்கக் கூடும்.

இருக்கை மட்டும் காத்துவிடும் என்று எண்ணிவிடலாகாது. 2023 டிசம்பர் 4 அன்று அதே மேடக் மாவட்டத்தின் தூப்ரான் அருகே விழுந்த பி.சி.-7 விமானத்தில் ஆசிரியரும் மாணவரும் மாண்டனர். தாழப் பறக்கையில் முடிவெடுக்கக் கிடைக்கும் அவகாசம் ஒரு மூச்சளவுகூட இராது. ஆயினும் அந்த இருக்கை ஒரு வாய்ப்பைத் தருகிறது. எச்.பி.டி.-32 விமானத்தில் பறந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் மறுக்கப்பட்டிருந்தது.

விபத்துகளின் வரலாற்றை விழுந்தவர்களின் திறமைக்குறைவாக எழுதுவது எளிது. எந்த விமானத்தில் அவர்களை அமர்த்தினோம், அதை மாற்ற எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம் என்ற கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் தரையில் இருப்பவர்களே.