முகத்துக்கு நிறம் தந்தவர் யார்?

ஓவியன் ஓர் உருவத்தைத் தீட்டும்பொழுது, அதன் ஒவ்வொரு கோடும் அவன் கைவண்ணமே என்பதை யாவரும் அறிவர். ஒளிப்படத்தையோ மக்கள் அவ்வாறு கருதுவதில்லை. கருவி கண்டதைக் கண்டவாறே தந்துவிட்டது என நம்புகின்றனர். இந்நம்பிக்கை எத்துணைப் பிழையுடையது என்பதைக் கருநிற முகங்கள் படமாக்கப்பட்ட வரலாறு நன்கு உணர்த்தும்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் சாலாக் செலாத்தானிலும் திருமணப் படம் எடுக்கும் இளைஞர்முன் இன்று ஒரு வினா நிற்கின்றது. கருவிக்குள்ளேயே அமைந்துள்ள 'முகப்படம்' என்னும் அமைப்பைத் தேர்ந்து, அது தரும் படத்தை அப்படியே ஏற்பதா? அன்றி, 'ரா' எனப்படும் மூலப்பதிவைச் சேமித்து வைத்து, பின்னர்க் கணினியில் ஒளியையும் நிறத்தையும் தாமே அமைப்பதா? வினா புதியது போல் தோன்றினும், அதன் வேர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மலாயா மண்ணில் ஊன்றிவிட்டது.

இருட்டறையில் இருவர்

ஸ்காத்லாந்துக்காரரான ஜான் தாம்சன் என்னும் ஒளிப்படக் கலைஞர் 1862-ஆம் ஆண்டு கீழ்த்திசை வந்தார். பினாங்கில் பத்து மாதம் தங்கி, அங்குள்ள காட்சிகளையும் மாந்தரையும் படமெடுத்தார். 1875-இல் வெளிவந்த தம் பயண நூலில் அவர் ஒரு செய்தியைக் குறிப்பிடுகின்றார். இக்கலையை மாய வேலை என்று அஞ்சிச் சீனர் உதவிக்கு வர மறுத்தனராம். ஆதலால் மதராஸ்காரர் இருவரைப் பயிற்றுவித்துப் படங்களை அச்சிடவும் உடனிருந்து உதவவும் அமர்த்திக்கொண்டாராம். அவ்விடத்தில் அவ்விருவரின் பெயரை அவர் எழுதவில்லை.

படம் பிடித்தவர் தாம்சன். ஆயினும் கண்ணாடித் தகட்டில் விழுந்த எதிருருவைத் தாளில் ஏற்றி, எவ்வளவு நேரம் வெயில் காட்டுவது, எங்கே நிறுத்துவது என்று பார்த்தவை உதவியாளரின் கண்கள். முகம் ஒன்று படமாவதில் இரண்டு நிலைகள் உண்டு: கருவியில் பதிவது ஒன்று, பின்னர் இருட்டறையில் உருப்பெறுவது மற்றொன்று. இன்றைய வினாவும் இவ்விரண்டனுள் எதனிடம் முடிவை ஒப்படைப்பது என்பதேயாம்.

வெள்ளி உப்பின் குறை

அக்காலத் தகடுகள் நீல ஒளியையே பெரிதும் உணர்ந்தன. சிவப்பையும் பழுப்பையும் ஏறத்தாழ உணரவில்லை. அதனால் மாநிறத்தவர்கூடப் படத்தில் உள்ளதினும் கறுத்துத் தோன்றினர். 1873-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வில்லெல்ம் ஃபோகல், சாயங்களைச் சேர்த்துத் தகட்டின் உணர்திறனைப் பெருக்கலாம் எனக் கண்டறிந்தார். எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்தன.

குறையை ஈடுசெய்யக் கைத்திறன் துணைபுரிந்தது. ஸ்டூடியோக்களில் கூர்மையான பென்சிலால் எதிருருவின்மீது நுண்ணிய புள்ளிகள் இடுவர். எதிருருவில் கருமை கூடினால் அச்சில் அவ்விடம் வெளுக்கும். தழும்பும் சுருக்கமும் மறைந்தன. அவற்றுடன் முகத்தின் நிறமும் பல வேளைகளில் மாறிப்போயிற்று. கூடத்துச் சுவரில் மாலையுடன் தொங்கும் தாத்தாவின் முகம் வெளுத்திருப்பதற்குக் காரணம், பெயர் தெரியாத ஒருவரின் பென்சிலாகவும் இருக்கலாம்.

சுவர்ப்படத்துக்கு அழகு போதும். அடையாளத்துக்கு உண்மை வேண்டும். 1948-இல் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டபின், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் அனைவரும் அடையாள அட்டை பெற வேண்டியவராயினர். அதில் கட்டைவிரல் ரேகையுடன் முகப்படமும் இடம்பெற்றது. தோட்டப் பாட்டாளிக்குச் சோதனைச் சாவடியில் சான்றாக நின்றது அந்தச் சிறு படமே. முகத்தில் கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரிவது அங்கே அழகுக்கான விருப்பமன்று, வாழ்வுக்கான தேவை.

வண்ணம் வந்த பின்னர்

வண்ணப்படம் பரவியபொழுது கோடாக் நிறுவனம் அச்சிடும் நிலையங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தியின் படம் இருந்தது. 'ஷெர்லி அட்டை' எனப்பட்ட அதனைக் கொண்டே நிறங்கள் சரிபார்க்கப்பட்டன. அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்பது விதி. கனடா நாட்டு ஆய்வாளர் லோர்னா ரோத் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், கரும்பழுப்பு நிறங்கள் தெளிவாக அமையவில்லை என்று மரத்தளவாட வணிகரும் சாக்லெட் வணிகரும் முறையிட்டதும் படச்சுருள் திருத்தம் பெற ஒரு காரணம் என்கிறார். மனிதமுகத்தின் குறை கேட்கப்படாத இடத்தில் மேசை நாற்காலியின் குறை கேட்கப்பட்டது! வரலாற்றின் இம்முரண் மாணவர் சிந்தனைக்குரியது.

எண்முறைக் கருவி

எண்முறைக் கருவி வந்தபின் இருட்டறை கருவிக்குள்ளேயே புகுந்துகொண்டது. 2005-இல் கெனான் நிறுவனமும் 2007-இல் நிக்கான் நிறுவனமும் 'நடுநிலை' முதலான பெயர்களுடைய படஅமைப்புகளைத் தம் கருவிகளில் சேர்த்தன. ஒன்றைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், கருவி நிறத்தையும் அழுத்தத்தையும் கூர்மையையும் தானே முடிவுசெய்து 'ஜேபெக்' கோப்பாகச் சுருக்கி, எஞ்சியதை எறிந்துவிடும். அக்கோப்பில் ஒவ்வொரு முதல்நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பதினான்கு பிட் மூலப்பதிவிலோ 16,384 படிகள் உண்டு.

இவ்வேறுபாட்டின் பயனைத் தமிழ்த் திருமணத்தில் காணலாம். வெள்ளை வேட்டி, கருத்த முகம், பொன் தாலி, செந்நிறக் கூறைப்புடவை ஆகிய நான்கும் ஒரே சட்டத்துள் நிற்கின்றன. வேட்டியின் வெண்மையைக் கண்டு கருவி ஒளியைக் குறைத்தால் மணமகன் முகம் இருளில் ஆழும். ஜேபெக் கோப்பில் அவ்விருளை உயர்த்த முயன்றால் நிறம் திட்டுத்திட்டாகப் பிரியும். மூலப்பதிவில் அவ்விருளுக்குள் கன்னத்தின் மேடுபள்ளம் பெரிதும் எஞ்சியிருக்கும். பொறுமையுள்ள கை அதை மீட்கலாம்.

ஆயினும் மறுபக்கமும் உண்டு. 2015-இல் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம், மூலப்பதிவிலிருந்து திருத்திய படங்களை அனுப்ப வேண்டா என்றும், கருவியிலேயே ஜேபெக்காக எடுத்த படங்களையே அனுப்புக என்றும் தன்னுடன் பணிபுரியும் தனிப் படக்கலைஞரைக் கேட்டுக்கொண்டது. விரைவும் நம்பகத்தன்மையும் அது கூறிய காரணங்கள். திருத்தும் உரிமை திரிக்கும் உரிமையாகிவிடும் என்னும் அச்சம் நியாயமானதே. மூலப்பதிவைக் கையில் வைத்துக்கொண்டு மணமகளை மூன்று மடங்கு வெளுப்பாக்குபவர், பழைய ஸ்டூடியோப் பென்சிலைத்தான் புதிய கருவியால் பிடித்திருக்கின்றார்.

எனவே, கருவியின் படம் உண்மை, கணினியின் படம் பொய் எனப் பிரிப்பது பொருந்தாது. கருவிக்குள் உள்ள அமைப்பும் ஒரு திருத்தமே. அதனைச் செய்தவர் அம்முகத்தை ஒருநாளும் கண்டறியாத ஒரு பொறியாளர். மூலப்பதிவு அம்முடிவை முகத்தை நேரில் கண்டவரிடம் மீட்டுத் தருகின்றது; அதனுடன் பொறுப்பையும் தருகின்றது. நேரம் குறுகிய இடத்தில் கருவியின் அமைப்பே போதும். பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் முகமாயின், மூலப்பதிவைக் காத்துவைத்து, உள்ள நிறத்தை உள்ளவாறே வெளிக்கொணர்தல் கடன்.

பினாங்கு இருட்டறையில் நின்ற இருவரின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் செய்த தொழில் இன்று தமிழ் இளைஞரின் மேசைமேல் வந்து அமர்ந்துள்ளது. தம் இனத்தின் முகம் எந்நிறத்தில் நிலைபெற வேண்டும் என்பதை முடிவுசெய்யும் வாய்ப்பு அவர் கைக்கு வந்திருக்கின்றது. அம்முகத்தை நாணமின்றி நோக்கும் கண் அவருக்கு வாய்க்க வேண்டும்; மற்றவை பயிற்சியால் வரும்.