விலங்குகளின் இன்பவுணர்வும் அதன் அளவீடும்: ஒரு வரலாற்று நோக்கு

விலங்குகள் துன்புறுமா என்ற வினாவை, 1789ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே ஜெரமி பெந்தாம் எழுப்பினார். அவை மகிழுமா என்ற வினா ஆய்வுகூடத்தினுள் நிலைபெறுவதற்கு மேலும் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் சென்றன. இத்தாமதத்திற்கான காரணத்தை விலங்குகளிடத்தன்றி ஆய்வாளரிடத்தே தேடுதல் வேண்டும்.

1872இல் டார்வின், நாயின் வாலசைவையும் குரங்கின் முகக்குறிகளையும் மனிதரின் மெய்ப்பாடுகளோடு ஒருங்குவைத்து ஆராய்ந்தார். ஆயின், தாழ்ந்த உளச்செயலால் விளக்கக்கூடியதை உயர்ந்ததொன்றால் விளக்கலாகாது என 1894இல் லொயிட் மோகன் வகுத்த விதி, பிற்காலத்தாரால் அவர் கருதியதினும் கடுமையாகக் கையாளப்பட்டது. 1913இல் வாட்சன் நடத்தைவாதத்தைப் பிரகடனஞ் செய்தபின்னர், மகிழ்ச்சி என்ற சொல்லே விஞ்ஞானத்திற்கு ஒவ்வாததாயிற்று. எலி நெம்பை எத்தனை முறை அழுத்திற்று என எண்ணினர். அது யாது உணர்ந்தது எனக் கேட்டாரிலர். 1964இல் றூத் ஹரிசன் எழுதிய நூலும், அடுத்த ஆண்டு வெளிவந்த பிரம்பெல் குழுவின் அறிக்கையும் பண்ணை விலங்குகளின்பாற் பிரித்தானியரின் கவனத்தைத் திருப்பின. எனினும் அக்கவனம் பெரிதும் துன்பத்தைப் பற்றியதே.

இந்நிலையை மாற்றியவருள் யாக் பங்க்செப் முதன்மையானவர். 1990களின் பிற்பகுதியிலே, ஒகையோ மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றில், வௌவாலின் ஒலியைக் கேட்பதற்கென அமைந்த கருவியை எலிகளின் பக்கம் திருப்பி, அவற்றிற்குக் கிச்சுக்கிச்சு மூட்டினார். மனிதச் செவிக்கு எட்டாத, ஏறத்தாழ 50 கிலோஹேட்ஸ் அளவான கீச்சொலிகள் பதிவாயின. கை விலகியதும் எலிகள் அதனைத் துரத்தி வந்தன. பூனையின் வாடை வீசியபோது கீச்சொலி குன்றிற்று. அச்சத்திலும் தோல்வியிலும் எழுவதோ 22 கிலோஹேட்ஸ் அளவான வேறோர் ஒலி. இதனைச் 'சிரிப்பு' என அவர் அழைத்தமை பலருக்கு நகைப்பாயிற்று. ஆயினும், 50 கிலோஹேட்ஸ் ஒலிப்பதிவைக் கேட்பதற்காகவே எலிகள் முயன்றமை பின்னர் காட்டப்பட்டது. வெறும் கிளர்ச்சி என்று ஒதுக்குவோர் இதற்கு விடையிறுத்தல் எளிதன்று. ஊசியுமின்றி அறுவையுமின்றி இத்துணை அறியமுடிந்தமையே இவ்வாய்வின் சிறப்பு.

2004இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் வேறொரு வழி கண்டனர். ஓர் ஒலி உணவையும் மற்றோர் ஒலி இரைச்சலையும் குறிக்குமென எலிகளைப் பழக்கி, இடைப்பட்ட ஒலிகளைக் கேட்பித்தனர். ஒழுங்கற்ற சூழலில் வைக்கப்பட்ட எலிகள் உணவை எதிர்பார்ப்பதிற் பின்தங்கின. மனநிலையை அதன் தீர்ப்பின் வாயிலாக அளக்கும் இம்முறை பிற விலங்குகளுக்கும் பரவிற்று.

உடற்குறிகளோ இத்துணைத் தெளிவானவையல்ல. பசுக்களைத் தடவிக் கொடுக்கையில் மூக்கின் வெப்பநிலை தாழ்வது 2015இல் இங்கிலாந்தில் அறியப்பட்டது. ஆனால் அச்சுறுத்தப்பட்ட குரங்குகளின் மூக்கும் குளிர்வதை யப்பானிய ஆய்வாளர் 2005இலேயே கண்டிருந்தனர். எனவே வெப்பமானி காட்டுவது உணர்ச்சியின் எழுச்சியையா, அதன் இனிமையையா என்ற வினா எழுந்தது. இதனாலேயே செவியின் நிலை, கண்வெண்மையின் அளவு முதலாய பிற குறிகளையும் பசுக்களிற் சேர்த்து நோக்க வேண்டியதாயிற்று.