பொற்பதக்கம் பெற்ற புனே நகரத்தார்

நாம் குடியேறி வாழும் இப்புனே நகரம் பேஷ்வாக்களின் பெருமைக்கு மட்டும் உரியதன்று, படத்தொழிலின் பழம்பதியுமாகும். 1933இல் கோலாப்பூரிலிருந்து இங்குப் பெயர்ந்த பிரபாத் கம்பெனி, மறு ஆண்டே 'சீதா கல்யாணம்' என்னும் தமிழ்ப் படத்தை வெளியிட்டது. அதன் 'சந்த் துக்காராம்' 1937இல் வெனிஸ் விழாவில் பாராட்டுப் பெற்றது. முதலிட்டு இடருற்ற தயாரிப்பாளரை நம் நாட்டரசு போற்றும் வழக்கம் அன்று இல்லை.

அவ்வழக்கம் 1954இல் பிறந்தது. முதல் பொற்பதக்கம் 1953ஆம் ஆண்டின் 'சியாம்சி ஆயி' என்ற மராத்தியப் படத்திற்குக் கிடைத்தது. தயாரித்து இயக்கியவர் ஆசார்ய அத்ரே. புனேக்கு அருகிலுள்ள சாஸ்வடில் பிறந்தவர், இந்நகரின் கேம்ப் பகுதியில் பள்ளித் தலைமையாசிரியராயிருந்தவர். சானே குருஜி நாசிக் சிறையில் எழுதிய நூலே அதன் மூலம். கொங்கணத்து ஏழைத்தாய் ஒருத்தி மகனை வளர்த்த கதை, ஆடம்பரம் ஏதுமில்லை. பிமல்ராயின் புகழ்பெற்ற 'தோ பீகா ஜமீன்' அவ்வாண்டு நற்சான்றிதழோடு நின்றது என்றால், பள்ளியாசிரியர் பெற்ற வெற்றியின் அளவை நேயர்கள் உணரலாம்.

அடுத்த ஆண்டுப் படங்களுக்கு மொழிவாரிப் பரிசுகளும் சேர்ந்தன. தமிழுக்கான வெள்ளிப் பதக்கம், கோவை பட்சிராஜா ஸ்டூடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு எடுத்த 'மலைக்கள்ளன்' படத்திற்கு உரியதாயிற்று. கதை நாமக்கல் கவிஞருடையது. சிறந்த இயக்குநர் என்ற தனிப்பரிசோ 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே தொடங்கிற்று. அதுவரை தயாரிப்பாளரே முன்வரிசையில் நின்றார் என்பது எம் கணிப்பு.

பிரபாத் வளாகத்தில் 1960இல் திரைப்படக் கல்லூரி தோன்றிற்று; 1974இல் தொலைக்காட்சிப் பயிற்சியும் அங்கு வந்து சேர்ந்தது. ஆயினும் நாள்தோறும் நம் இல்லக் கூடத்திற்கே வந்து கதை சொல்லும் தொடர்களுக்கு அத்தேசியப் பரிசில் இடமில்லை. இக்குறையைத் தமிழகத்தில் மாநில அரசின் சின்னத்திரை விருதுகள் நிரப்ப முயன்றன. நல்ல முயற்சிதான், காலந்தான் உதவவில்லை. 2009 முதல் 2013 வரையிலான தொடர்களுக்குரிய விருதுகள் 2017இல் அறிவிக்கப்பெற்றன. மேடையில் வழங்கப்பெற்றது 2022 செப்டம்பரில், சென்னைக் கலைவாணர் அரங்கில். ஒவ்வொரு நாள் படப்பிடிப்புக்கும் கடன்பட்டுப் பணம் திரட்டும் தயாரிப்பாளருக்கு, பாராட்டு அடுத்த தொடரைத் தொடங்குமுன் வந்தால் பயன்; அன்று பள்ளிச் சீருடையில் அத்தொடரைக் கண்ட நம் பிள்ளைகளோ, பரிசு வழங்கும் நாளில் வேலைக்கே போய்க்கொண்டிருந்தனர்.